ஏறுகிறவர் பையில் சாவி

"சாவி துவாரத்துலதான் இருந்தது, மேடம்" என்றார் கேப்டன். சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த தன் தொப்பியைப் பார்த்துச் சொன்னார். தொப்பி எதிர்த்துப் பேசாது அல்லவா?

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலைமையகத்திலிருந்து விசாரிக்க வந்த கர்னல். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதும் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். அந்த ஊர்ப் புழுதி அப்படி. கதவோரம் நின்றவள் ரேடியோ ஆபரேட்டர், சார்ஜென்ட். கம்பத்தின் உச்சியில் கை வெந்து, இப்போது சொந்த நாட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன் அவளுடைய தங்கை புருஷன்.

கர்னல் அவள் பக்கம் திரும்பினார். ஏறுமுன் அவன் சாவியை எடுத்தானா என்று கேட்டார். பையைத் தட்டினான், "சாவி என்கிட்ட" என்றான், நானும் "சாவி உங்கிட்ட" என்றேன் என்று அவள் சொன்னாள்.

"நான் கேட்டது அது இல்ல. துவாரத்துலேருந்து உருவினதைக் கண்ணால பார்த்தியா?"

பார்த்தேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பார்க்கவில்லை. அந்த நேரம் காதில் ஹெட்போன், கையில் பென்சில். யார்தான் பார்ப்பார்கள்? வாயால் சொன்னதை வாயால் திருப்பிச் சொல்வதுதான் வழக்கம்.

"பார்க்கல, மேடம்."

அப்போதுதான் கேப்டன் தொப்பியை விட்டுக் கண்ணை எடுத்தார். "சொந்தக்காரங்க, மேடம். பாசம் இருக்கத்தானே செய்யும்" என்றார், ஏதோ பெரிய மனது பண்ணி மன்னிப்பவர்போல.

பாசம் என்ற அந்தச் சொல் அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சீருடை போட்டவளுக்குக் கோபப்படக்கூட உத்தரவு வேண்டும்.

அந்தச் சாவியைப்பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர்கள் ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவு. விமானப்படையின் விமானங்கள் கடல் தாண்டி வந்து வேற்று நாட்டில் இறங்கி ஏறுகிற தளத்தில், அந்த விமானங்களோடும் தாய்நாட்டோடும் பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. விமானி வானத்தில் பறந்து பேர் வாங்குவார். இவர்கள் தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்து புழுதி வாங்குவார்கள். பெட்டி என்றால் உண்மையிலேயே பெட்டிதான். கப்பலில் சரக்கு ஏற்றுகிற இரும்புப் பெட்டியை அறுத்து ஒரு ஜன்னலும் கதவும் வைத்ததுதான் ரேடியோ அறை. ஒரு சுவர் முழுக்கப் பெரிய செட். எதிரே ஸ்டூல்மேல் சின்ன செட். ஓடுபாதைப் பக்கம் வந்துவிட்ட விமானங்களோடு பேச அதுவே போதும். கடல் தாண்டிப் பேச வேண்டுமென்றால் பெரிய செட். வெளியே ஜெனரேட்டர். அதற்கும் அப்பால் இரும்புக் கம்பம். கம்பத்தின் உச்சியிலிருந்து இழுத்துக் கட்டிய தாமிரக் கம்பி. பெரிய செட்டில் வாயைத் திறந்து பேசினால் அந்தக் கம்பியில் சக்தி பாயும். தொட்ட கை தொட்ட இடத்திலேயே வெந்துபோகும்.

அதனால்தான் சாவி. பெரிய செட்டின் நெற்றியில் ஒரு துவாரம் உண்டு. சாவி அதில் இருந்தால் செட் பேசும். இல்லாவிட்டால் காது மட்டும் கேட்கும், வாய் ஊமை. கம்பத்தில் ஏறுகிறவர் முதலில் அந்தச் சாவியை உருவி, இடது சட்டைப்பையில் போட்டு, பொத்தான் மாட்டி, பையை இரண்டு தட்டுத் தட்டி, "சாவி என்கிட்ட" என்று சொல்ல வேண்டும். ஆபரேட்டர் "சாவி உங்கிட்ட" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து இறங்கியதும் ஏறினவரே வந்து துவாரத்தில் போட வேண்டும். வேறொருவர் அந்தப் பையில் கைவிடக்கூடாது. ஜெனரலே ஆனாலும் கூடாது. சாவி ஒன்றுதான். இன்னொன்று செய்வது குற்றம்.

தங்கை புருஷனைப் பிரிவில் எல்லோரும் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பத்தில் ஒட்டிக்கொண்டால் கீழே இறக்க முடியாது. நட்டு ஒன்றுக்கு நாலு பேச்சுப் பேசுவான். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவளே அக்காக்காரிதான். மாமியார் இல்லாத வீட்டில் பெண் எடுத்தால் நிம்மதி என்று நினைத்தேன், ரேடியோவுக்குள்ளிருந்து மாமியார் பேசுகிறார்கள் என்று அவன் மேலேயிருந்து வாக்கி-டாக்கியில் சொல்வான். பிரிவு முழுக்கச் சிரிக்கும். கேப்டன் மட்டும் சிரிக்கமாட்டார். கம்பம் ஏறுகிற ஒருத்தன் சட்டைப்பைக்குள் என் ஸ்டேஷன் முழுக்க அடைந்துகிடக்கிறது, இது என்ன ஏற்பாடு என்று அவர் முணுமுணுத்ததை அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். முணுமுணுப்புத்தானே என்று விட்டுவிட்டாள்.

சம்பவம் நடந்தது ஒரு முற்பகலில். முந்தைய நாள் அடித்த புழுதிக்காற்றில் உச்சியில் கம்பி தளர்ந்துவிட்டது. பல்லி சாவியைத் தட்டிக் காட்டிவிட்டு ஏறினான். கொஞ்ச நேரத்தில் கேப்டன் வேகமாக உள்ளே வந்தார். தளத்தைப் பார்வையிட மேலிடத்துப் பெரியவர் ஒருவர் விமானத்தில் வந்துகொண்டிருக்கிறார், வானத்தில் இருக்கும்போதே அவருக்கு நம் பிரிவு வரவேற்புச் சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும் என்றார். பெரியவர் பக்கத்தில் வந்ததும் சின்ன செட்டில் சொல்லிக்கொள்ளலாமே, மேலே ஆள் இருக்கிறான் என்று அவள் சொன்னாள். ஓடுபாதைப் பக்கம் வந்தபிறகு சொன்னால் அது வரவேற்பா, வாசல்வரை வந்தவனை வா என்பதா என்றார் கேப்டன். அப்படியானால் இறங்கச் சொல்ல வேண்டியதுதான். அவள் வாக்கி-டாக்கியில் சொன்னாள். ரெண்டு நட்டுதான் பாக்கி, முறுக்கிட்டு வந்துடறேன்க்கா என்றான் அவன்.

"நீ வெளிய போய் அவனைக் கூப்பிட்டு இறக்கு. வாக்கியில சொன்னா கேக்கமாட்டான்" என்றார் கேப்டன்.

அவள் போனாள். கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்து, இறங்குறியா இல்ல நான் ஏறி வரவா என்று கத்தினாள். அவன் குனிந்து பார்த்து ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தான். அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் ஜெனரேட்டர் முனகியது.

பெரிய செட் சும்மா இருக்கும்போது ஜெனரேட்டர் ஒரே சீராக ஓடும். அதில் யாராவது பேசினால், பேசுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் சுமை ஏறி, பாரம் தூக்குகிற மாடுபோல முனகும். அந்தப் பிரிவில் எல்லோருக்கும் அது தெரியும். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'ஐயோ' என்று நினைத்து முடிக்குமுன் மேலே அவன் உடம்பு ஒரு உதறு உதறி, கம்பியை விட்டுத் தெறித்து, இடுப்பு பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கியது. பெல்ட் மட்டும் இல்லாவிட்டால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஜெனரேட்டர் முனகிக்கொண்டே இருந்தது. பெட்டிக்குள் கேப்டன் வருக வருக என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவனை இறக்கினார்கள். மருத்துவக் கூடாரத்தில் சட்டையை முதுகோடு கத்தரித்து எடுத்தார்கள். மாலைக்குள் ஒரு சரக்கு விமானத்தில் ஏற்றித் தாய்நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், உடைமைகளை ஒரு பையில் கட்டி. அவள் ரேடியோ அறைக்குத் திரும்பியபோது துவாரத்தில் சாவி இருந்தது. தன் கண்ணாலேயே பார்த்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. சாவி அங்கே இருக்கிறது என்றால் அவன் எடுக்கவில்லை. வெறும் பையைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறான். விளையாட்டுப் புத்தி. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பு வேண்டாமா? திட்டித் தீர்க்கலாம் என்றால், கையிரண்டும் கட்டுப்போட்டுக் கிடக்கிறவனை எப்படித் திட்டுவது? அன்றைய காலையே அவனுக்கு நினைவில்லை என்று டாக்டர் வேறு சொல்லிவிட்டாராம். அதனால் கோபத்தை முழுங்கினாள். முழுங்கிய கோபம் இறங்குமா? தொண்டையிலேயே நின்றது.

கர்னல் வந்து கேட்ட அன்றே விசாரணை முடிந்தது. துவாரத்தில் சாவி இருந்ததால் ஆள் இறங்கிவிட்டதாகவே கேப்டன் நினைத்தார்; விதியை மீறியவர் ஏறினவர். தன் அஜாக்கிரதையால் தானே காயம்பட்டார். இதுதான் முடிவு. அப்படி எழுதிவிட்டால் ராணுவ ஆஸ்பத்திரி வாசலைக் காட்டிவிடும், வேலையும் போகும். கையை மீட்கச் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சைகளுக்கெல்லாம் இனி அவன் பாடு, அவன் பெண்டாட்டி பாடு. காலையில் அந்த முடிவைப் பெரிய செட்டில் தலைமையகத்துக்கு வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. வாசிக்க வேண்டியவள் யார்? ஆபரேட்டர்தான். வேறு யார்?

சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், பலகை அடித்துச் செய்த டெலிபோன் தடுப்பில் தங்கையைக் கூப்பிட்டாள். வீட்டுக்கு ஒரு ஆபீசர் வந்து உட்கார்ந்து, ரொம்ப வருத்தமாக, உங்கள் கணவர் கொஞ்சம் அஜாக்கிரதை என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"அஜாக்கிரதையாம்க்கா. வீட்ல ஃபேன் துடைக்கணும்னா மெயினை அணைச்சிட்டு ஏறுறவரு அஜாக்கிரதையாம். சொல்லு, நெஜமா எடுக்கலையா?"

சாவி துவாரத்தில் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றாள் அக்கா.

"நெனச்சேன். நான் அவர்கிட்ட பேசறதில்லக்கா. சாப்பாடு ஊட்டிவிடறேன், வாயைத் துடைச்சு விடறேன். பேசறதில்ல. என்னை நெனச்சிருந்தா எடுத்திருக்க மாட்டாரா? மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்காரு. பாக்கட்டும்."

அப்புறம் அவன் உடைமைகளைக் கட்டி அனுப்பிய பையைப்பற்றிப் பேச்சு வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள், கருகல் நாற்றம், வீட்டுக்குள் வைத்திருக்க முடியவில்லை. சட்டையைக் குப்பையில் போடத்தான் இப்போது கையில் எடுத்தேன், அதற்குள் உன் போன் என்றாள் தங்கை. பாதிச் சட்டைதான் மிச்சம், இதற்குச் சட்டைப்பை ஒரு கேடா, பொத்தான் வேறு மாட்டியிருக்கிறது என்றாள்.

"என்ன மாட்டியிருக்கு?"

"பொத்தான். வீட்ல ஒருநாளாவது பொத்தான் மாட்டியிருப்பாரா? பஸ் டிக்கெட்டுலேருந்து பல்லு குத்துற குச்சிவரைக்கும் கொட்டிக்கிட்டே வருவாரு."

"எந்தப் பைடீ?"

"இடது பை. உள்ள என்னமோ இருக்கு."

"அவுத்துப் பாரு."

டெலிபோனில் சரசரவென்று சத்தம் வந்தது.

"சாவிக்கா" என்றாள் தங்கை. "குட்டியா. பித்தளை. தலையில ஒரு நம்பர் போட்டிருக்கு."

அக்காக்காரி பலகைச் சுவரில் சாய்ந்தாள். தொண்டையில் நின்றிருந்த கோபம் அப்போதுதான் தனக்கு ஒரு விலாசம் கிடைத்ததுபோல அசைந்தது.

"நல்லாக் கேட்டுக்க. அந்தச் சட்டையைத் தூக்கிப் போடாத. சாவியை யார் வந்து கேட்டாலும் குடுக்காத, எத்தனை நட்சத்திரம் குத்திட்டு வந்தாலும் குடுக்காத. இப்போ போனை வெச்சிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. போய் அவன்கிட்ட பேசு."

ரேடியோ அறைக்குப் போய் துவாரத்திலிருந்த சாவியை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். அதுவும் பித்தளைதான். ஆனால் நம்பர் இல்லை. பல்லின் ஓரமெல்லாம் அரத்தில் ராவிய பிசிறு இன்னும் போகவில்லை. விரல் பட்டால் சுணையாகக் குத்தியது. இத்தனை நாள் கண்ணெதிரே இருந்திருக்கிறது. சாவி இருக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். என்ன சாவி என்று எவனும் பார்க்கவில்லை, அவளையும் சேர்த்து. எடுத்த இடத்திலேயே திரும்பப் போட்டாள்.

ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு டீசல் அண்ணன் என்று பெயர். பிரிவிலேயே வயதானவர், இந்த முறை ஊர் திரும்பினால் ஓய்வு. அவரிடம் போய், பெரிய செட்டுக்கு இன்னொரு சாவி இருக்கிறது என்றாள். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் டீசல் துணியால் கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"டவுனுக்கு ஜீப் ஓட்டினது நான்தாம்மா. சாவிக் கடை முன்னால நிறுத்தச் சொன்னாரு கேப்டன். பெட்டிச் சாவிக்கு இன்னொண்ணு செய்யணும்னாரு. அன்னைக்கு ஜெனரேட்டர் முனகினப்போ புரிஞ்சது, என்ன பெட்டின்னு."

"இத்தனை நாளா வாயில என்ன கொழுக்கட்டையா அண்ணே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஊர் திரும்புகிற நேரம், மகள் கல்யாணம், நான் சொன்னால் எடுபடுமா, ஆபீசர் வார்த்தையா டிரைவர் வார்த்தையா என்று என்னென்னவோ சொன்னார். அவள் காது கொடுக்கவில்லை. அவன் தொங்கினபோது காலைப் பிடித்து இறக்கியவர்களில் இந்த மனிதரும் ஒருவர். பிடித்த கைதான் இப்போது துணியைப் பிசைகிறது. "கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கும்போது என் தங்கச்சிக்கும் ஒண்ணு வைங்க. புருஷன் கையால வாங்க முடியாது, அவளே வாங்கிக்குவா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

கர்னலிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் கேப்டன் என்ன சொல்வார் என்பது அவளுக்கு அவர் குரலிலேயே கேட்டது: தங்கச்சி வீட்ல ஒரு சாவி கிடைச்சிருக்காம் மேடம், நாளைக்கு அத்தை வீட்ல ஒண்ணு கிடைக்கும். சொந்தக்காரி சொல் அம்பலம் ஏறாது. சொல்லால் முடியாது என்றால் வேறு எதால் முடியும் என்று படுக்கையில் உட்கார்ந்து யோசித்தாள். யோசித்து முடித்ததும் பூட்ஸைத் துடைத்து வைத்துவிட்டுத் தூங்கினாள்.

காலையில் கர்னல் கையில் தாளோடு ரேடியோ அறைக்கு வந்தார். கேப்டனும் வந்தார். செட்டைப் போட்டுக் கூப்பிட்டுப் பார்த்ததில் தலைமையகத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. இவர்கள் பேசியது அங்கே அரைகுறையாகத்தான் போனது. உச்சியில் கம்பி இன்னும் தளர்ந்தே கிடந்தது. பல்லி விட்டுவிட்டுப் போன நட்டுகளைத் தொட அதற்குப் பிறகு ஒருத்தரும் மேலே ஏறவில்லை. நான் ஏறுகிறேன் என்றாள் அவள். அவளும் பயிற்சி எடுத்தவள்தான். விமானங்களெல்லாம் தரையில் உறை போர்த்தி நிற்கின்றன, மத்தியானம்வரை எதுவும் கிளம்பாது என்பதை முதலிலேயே பார்த்து வைத்திருந்தாள். வானத்தில் ஒருத்தர் இருக்கும்போது செய்கிற காரியம் இல்லை இது.

துவாரத்திலிருந்து சாவியை உருவினாள். இடது பையில் போட்டாள். பொத்தானை மாட்டி இரண்டு தட்டுத் தட்டினாள்.

"சாவி என்கிட்ட."

செட்டின் முன்னால் இருந்தவர் கேப்டன். அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு கணம் அவர் முகம் கோணியது. "சாவி உங்கிட்ட" என்றார்.

உச்சிக்குப் போய் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். நட்டைத் தொடவில்லை. இரும்பில் ஒரு இடத்தில் கருப்பாகத் தீய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வாக்கி-டாக்கியை எடுத்தாள். பிரிவில் எல்லோர் இடுப்பிலும் ஒன்று இருக்கிறது. ஒருவர் பேசினால் அத்தனை பேருக்கும் கேட்கும். அதற்காகத்தான் மேலே ஏறினாள்.

"கேப்டன் சார். பெரிய செட்டுல ஒருதடவை பேசிப் பாருங்க."

நீ மேலே இருக்கிறாய், எப்படிப் பேசுவது என்று பதில் வந்தது.

"பயப்படாதீங்க சார். சாவி என் பையில. ஒண்ணே ஒண்ணுதானே? பேசாது."

 கீழே அங்கங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நின்று அண்ணாந்தார்கள்.

"அன்னைக்குப் பல்லி பையிலயும் ஒரு சாவி இருந்தது சார். பொத்தான் மாட்டி, நம்பரோட. அது இப்போ என் தங்கச்சி கையில இருக்கு. அப்போ என் பையில இருக்கற இந்த நம்பரில்லாத சாவி எது சார்? எந்த ஊர்க் கடையில ராவினது?"

வேலையை விட்டு இறங்கி வா, இது உத்தரவு என்றார் கேப்டன். குரல் கீச்சென்றிருந்தது.

"ஏறினவ இறங்கினாத்தான் சாவி துவாரத்துக்கு வரும். அது வந்தாத்தான் உங்க முடிவு தலைமையகம் போகும். நான் இறங்கறதா இல்ல. மூணாவதா ஒண்ணு செஞ்சு வெச்சிருந்தா போட்டுத் திருகுங்க. இதோ, கையுறையைக் கழட்டிட்டேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். வருக வருகன்னு சொல்லுங்க, பார்ப்போம்."

உண்மையாகவே கழற்றினாள். உண்மையாகவே பிடித்தாள். தாமிரம் காலை வெயிலில் இதமாகச் சுட்டது. மூன்றாவது சாவி இல்லை என்று அவளுக்கு யாரும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. அந்த மனிதர் இரண்டாவதைச் செய்தவர். கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பயத்தால்தான்; கோபத்துக்கும் கொஞ்சம் பங்கிருக்கும்.

அப்போது ஜெனரேட்டர் நின்றது.

அது நின்று அந்தத் தளத்தில் யாரும் கேட்டதில்லை. இரவும் பகலும் காதில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் அறுந்ததும் காற்று கூடாரத் துணியை அடிக்கிற ஓசை கேட்டது, யாரோ இருமுவது கேட்டது. டீசல் அண்ணன் ஜெனரேட்டர்மேலேயே உட்கார்ந்துகொண்டிருந்தார். அவர் குரல் வாக்கியில் வந்தது.

"நான்தான் நிறுத்தினேன். அந்தப் பொண்ணு கம்பியை விடுறவரைக்கும் இது ஓடாது. கர்னல் மேடம், கேப்டன் சாவிக் கடைக்குப் போன வண்டியை ஓட்டினவன் நான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல."

 பிறகு கர்னலின் குரல், யாரையோ பக்கத்தில் பார்த்துப் பேசுகிற குரல்; வாக்கியின் பொத்தானை அழுத்திக்கொண்டே கேட்டிருக்கிறார், எல்லோருக்கும் கேட்கட்டும் என்றேதான் இருக்க வேண்டும்.

"எத்தனை சாவி, கேப்டன்?"

"மேடம், அது அவசரத்துக்கு..."

"எத்தனை?"

"ரெண்டு."

அவள் கம்பியை விட்டாள். இறங்கி வரச் சொன்னார் கர்னல். ரெண்டு நட்டு பாக்கி மேடம் என்று சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, ஸ்பானரை எடுத்தாள். நட்டுகள் துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தன. ஒவ்வொன்றையும் கை வலிக்கும்வரை முறுக்கினாள்.

அவள் இறங்கி உள்ளே வந்தபோது கேப்டன் அங்கே இல்லை. அவர் தொப்பி மட்டும் ஸ்டூல்மேல் மறந்துபோய்க் கிடந்தது. கர்னல் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி முடித்திருந்தார். வாங்கிப் பார்த்தாள். ஏறினவர் விதிப்படி சாவியை எடுத்துச் சென்றிருந்தார், அவர்மேல் எந்தத் தவறும் இல்லை என்று முதல் வரியிலேயே இருந்தது. அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். ராணுவ ஆஸ்பத்திரியிலேயே சிகிச்சை தொடரும் என்றும் இருந்தது. பிரிவின் கேப்டன் அனுமதியற்ற சாவியைப் பயன்படுத்தினார், அவர்மேல் நடவடிக்கை என்றும் இருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் அவள் கண் நின்றது. 'பறந்துகொண்டிருந்த விமானத்தைத் தொடர்புகொள்ள வேண்டிய அவசரத் தேவை கருதி' அப்படிச் செய்தாராம்.

"என்ன அவசரம் மேடம்?"

கர்னல் கண்ணாடியைக் கழற்றினார்.

"வருக வருகன்னு சொன்னதுதான் அவசரமா? அதுக்குத்தான் ரெண்டு கையா?"

பெரியவர் பெயரை இதற்குள் இழுக்க முடியாது, இழுத்தால் இந்தத் தாளே மேலே போகாது, நடுவில் யாராவது நிறுத்திவிடுவார்கள், அப்புறம் முதல் வரியும் சேர்ந்து போய்விடும் என்று கர்னல் தணிந்த குரலில் சொன்னார். பொய் சொல்கிறவர் முகமாக அது இல்லை. உண்மையைப் பாதியாக அரிந்து அரிந்து பழகிய முகம்.

"அவன் மேல தப்பில்லைன்னு போட்டாச்சு. உனக்கு அதுதானே வேணும்?"

அதுதான் வேண்டும். அதற்காகத்தான் கம்பியைப் பிடித்தாள். அதனால் வாயை மூடிக்கொண்டாள், ஆனால் உட்காரவில்லை. பையின் பொத்தானைக் கழற்றி, பிசிறுள்ள அந்தச் சாவியை எடுத்து, தானே துவாரத்தில் போட்டுத் திருகினாள். டீசல் அண்ணனிடம் ஓட்டச் சொன்னாள். தலைமையகத்தைக் கூப்பிட்டாள். குரல் இப்போது பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் தெளிவாக வந்தது. முதல் வரியை வாசித்தாள். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி, எதிர்முனை திருப்பிச் சொல்லக் கேட்டு வாசித்தாள். ஏறினவர் சாவியை எடுத்துச் சென்றிருந்தார். எடுத்துச் சென்றிருந்தார் என்று கடலுக்கு அந்தப்பக்கத்திலிருந்து யாரோ முகம் தெரியாதவர் திருப்பிச் சொன்னார். ஆஸ்பத்திரி வரியை வாசித்தாள். கேப்டனின் வரியை வாசித்தாள்.

பிறகு மைக்கைக் கர்னலின் முன்னால் வைத்தாள்.

"இந்த வரி உங்களோடது மேடம். நீங்களே வாசிங்க."

ஆபரேட்டர் அப்படிச் சொல்லக்கூடாது. கர்னல் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மைக்கை எடுத்தார்.

அவள் வெளியே வந்து வெயிலில் நின்றாள். தங்கையைக் கூப்பிட வேண்டும். பேசினாயா, அவன் என்ன சொன்னான் என்று கேட்க வேண்டும். டீசல் அண்ணன் எழுந்து நின்றார். அவள் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அதற்குமேல் அவருக்குக் கொடுக்க அவளிடம் அன்றைக்கு ஒன்றும் இல்லை. பெட்டிக்குள் கர்னல் வாசிக்க ஆரம்பித்தார். சுவர் தடிமன், சொல் எதுவும் வெளியே கேட்கவில்லை. ஜெனரேட்டர் மட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் முனகியது. எது எந்தச் சொல் என்று அவளுக்குத் தெரிந்தது. அவசரம் என்ற இடம் வந்தபோது அது மற்ற சொற்களுக்கு முனகியது போலத்தான் முனகியது.